சிறிய நாடுகள் நவீனப் போர்த் தளவாடங்களுக்குச் செலவிடலாமா?

பல்லடத்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவருடைய சித்தப்பா கோவை கணபதியில் சி.என்.சி. பட்டறை நடத்துகிறார். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், திருச்சி ஆகியவற்றோடு கோவையும் ஒரு முனையாக அறிவிக்கப்பட்ட பிறகு, பம்புக்கும் கிரைண்டருக்கும் கடைசல் வேலை செய்துவந்த அந்தப் பட்டறைக்கு ராணுவத் தளவாடங்களின் பாகங்களைச் செய்து தரச் சொல்லியும் ஆர்டர் வருகிறதாம். "இந்தத் தளவாடங்களில் ஒரு பகுதி ஏதாவது ஒரு சிறிய நாட்டுக்குத்தானே விற்கப்படும்? பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் பணம் போதாத நாடு நவீன ஆயுதம் வாங்குவது சரியா? பெரிய நாடு ஒன்று படையெடுத்து வந்தால் எப்படியும் தோற்கத்தானே போகிறது?" என்பது அவருடைய கேள்வி.

விமானப் படையின் பராமரிப்புப் பிரிவில் பணிக்காலத்தைக் கழித்துவிட்டு, ஓய்வுக்குப் பின் சூலூர் விமானப் படைத் தளத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன். செலவிடத்தான் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் நவீனம் என்ற பெயரில் சிறிய நாடுகள் வாங்கிக் குவிப்பவற்றில் பெரும்பகுதி அவற்றுக்குத் தேவையில்லாதது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

மாணவரின் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்கலாம். சிறிய நாடு தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையைப் போரிட்டு வெல்லாது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அதன் படை வெல்வதற்காக வைக்கப்பட்டிருப்பதில்லை. அரசாங்கம் பிடிபடாமல் தப்பவும், நட்பு நாடுகள் விழித்துக்கொள்ளவும், படையெடுத்தவன் இது அவ்வளவு சுலபமில்லை என்று யோசிக்கவும் தேவையான கால அவகாசத்தைப் பெற்றுத் தருவதுதான் அதன் வேலை. அந்த அவகாசம் சில மணி நேரமாக இருந்தாலும் ஒரு நாட்டின் தலைவிதி அதில் மாறிவிடுகிறது.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி ஒரே நாளில் டென்மார்க்கையும் நார்வேயையும் தாக்கியது. சமதரையான டென்மார்க் சில மணி நேரத்தில் சரணடைந்தது. நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவுக்குச் செல்லும் குறுகிய கடற்கால்வாயில் ஆஸ்கர்ஸ்போர்க் என்ற பழைய கோட்டை இருந்தது. அங்கிருந்த 28 செ.மீ. பீரங்கிகள் 1890களில் ஜெர்மனியின் க்ருப் ஆலையிலேயே வார்க்கப்பட்டவை. கரையிலிருந்து செலுத்தப்படும் டார்பிடோக்களும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பழையவை. கோட்டையின் தளபதி கர்னல் பிர்கர் எரிக்சன், வருவது யாருடைய கப்பல் என்பது உறுதியாகத் தெரியாத இருட்டிலேயே சுடச் சொன்னார். பீரங்கி வீரர்கள் போதாததால் இரண்டு பீரங்கிகளை மட்டுமே இயக்க முடிந்தது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு குண்டைத்தான் சுட்டது. அந்த இரண்டு குண்டுகளும் டார்பிடோக்களும் சேர்ந்து, புத்தம் புதிய 'ப்ளூஷர்' போர்க்கப்பலை மூழ்கடித்தன. ஆஸ்லோவைக் கைப்பற்ற வந்த படையின் முன்னணிப் பகுதி அந்தக் கப்பலில்தான் இருந்தது. அது கரை சேராததால் மன்னர் ஏழாம் ஹாக்கோனும் அமைச்சர்களும் நாடாளுமன்றமும் நாட்டின் தங்க இருப்பும் தலைநகரைவிட்டு வெளியேற நேரம் கிடைத்தது. போர் முடியும்வரை லண்டனில் இருந்து இயங்கிய சட்டப்படியான நார்வே அரசாங்கம் அந்தச் சில மணி நேரத்தால் பிழைத்தது. நார்வே அந்தப் போரில் தோற்றது, ஐந்தாண்டுகள் ஆக்கிரமிப்பில் கிடந்தது. ஆயினும் அந்தப் பீரங்கிகளுக்கு நார்வே செலவிட்ட பணம் வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

நம் பக்கத்திலேயே மாலத்தீவு இருக்கிறது. 1988 நவம்பர் 3 அன்று இலங்கையிலிருந்து படகில் வந்த சுமார் எண்பது ஆயுததாரிகள் தலைநகர் மாலேவைப் பிடிக்க முயன்றார்கள். அந்நாட்டின் சிறிய பாதுகாப்புப் படை தன் தலைமையகத்தை விட்டுக்கொடுக்காமல் நின்றது. அதிபர் கயூம் அந்த ஆயுததாரிகளின் கையில் சிக்காமல் மறைந்திருந்தார். அன்று இரவே ஆக்ராவிலிருந்து புறப்பட்ட நம் பாராசூட் படைப்பிரிவு ஹுலுலே விமானத் தளத்தில் வந்திறங்கியது. அதுவரை தாக்குப்பிடிக்க ஆளே இல்லாமல் போயிருந்தால், உதவி கேட்பதற்கு ஓர் அரசாங்கமே மிஞ்சியிருக்காது.

படையே இல்லாமல் நிம்மதியாக வாழும் நாடுகள் இல்லையா என்று கேட்பவர்கள் கோஸ்டாரிகாவையும் ஐஸ்லாந்தையும் எடுத்துக்காட்டுவார்கள். கோஸ்டாரிகா 1948 டிசம்பர் 1 அன்று தன் ராணுவத்தைக் கலைத்தது. மறு ஆண்டு அதை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தது. அந்தப் பணத்தைக் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் திருப்பிவிட்டது என்பது உண்மை, போற்ற வேண்டிய உண்மை. ஆனால் கலைத்த சில நாட்களிலேயே நிகராகுவா எல்லையிலிருந்து ஆயுதக் குழுவினர் உள்ளே நுழைந்தார்கள். 1955 ஜனவரியில் மீண்டும் நுழைந்தபோது அமெரிக்கா நான்கு மஸ்டாங் போர் விமானங்களைத் தலா ஒரு டாலர் விலையில் கோஸ்டாரிகாவுக்கு விற்றது. இரண்டு முறையும் அந்நாட்டைக் காப்பாற்றியவை, அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தமும் அதன் பின்னால் நின்ற வல்லரசும்தான். அப்படி ஓர் உத்தரவாதம் இல்லாத நாடு கோஸ்டாரிகாவைப் பார்த்துத் தன் படையைக் கலைப்பது ஆபத்து.

ஐஸ்லாந்தின் கதை இன்னும் நுட்பமானது. நேட்டோவின் தொடக்க உறுப்பினரான அந்நாட்டுக்கு ராணுவம் கிடையாது, கடலோரக் காவல் படை மட்டும் உண்டு. 1970களில் ஐஸ்லாந்து தன் மீன்பிடிக் கடல் எல்லையை விரிவாக்கியபோது பிரிட்டன் அதை ஏற்காமல், தன் இழுவலைப் படகுகளுக்குத் துணையாகப் போர்க்கப்பல்களை அனுப்பியது. ஐஸ்லாந்தின் சின்னஞ்சிறு ரோந்துக் கப்பல்கள் பின்னால் ஒரு வெட்டுக் கருவியைக் கட்டி இழுத்துக்கொண்டு அந்தப் படகுகளைக் குறுக்காகக் கடந்து சென்று, வலையைக் கப்பலோடு பிணைக்கும் கம்பிவடங்களை அறுத்தன. வலையும் மீனும் கடலோடு போயின. கூடவே, தன் மண்ணில் இருந்த கெஃப்லாவிக் ராணுவத் தளத்தை மூடுவோம் என்று நேட்டோவுக்கும் ஐஸ்லாந்து எச்சரிக்கை விடுத்தது. 1976இல் பிரிட்டன் 200 கடல் மைல் எல்லையை ஏற்றுக்கொண்டது. அந்த வெட்டுக் கருவியை ஒரு சாதாரணப் பட்டறையில் செய்துவிடலாம். தனக்கு எது வாழ்வாதாரம், எதிரியின் பலவீனம் எங்கே என்ற தெளிவோடு தேர்ந்த கருவி அது. தளவாடத்தின் விலைக்கும் பயனுக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பணம் இருந்தும் பயன்படாமல் போன நாடுகளும் உண்டு. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் நுழைந்தபோது குவைத்திடம் மிராஜ் எஃப்-1 விமானங்களும் ஹாக் ஏவுகணைகளும் இருந்தன. எல்லையில் ஈராக் படை குவிவது தெரிந்தும், அதைச் சீண்டிவிடக் கூடாது என்று கருதிப் படைகளின் உஷார் நிலை தளர்த்தப்பட்டிருந்தது. சில பிரிவுகள் வீரத்தோடு போரிட்டன. ஆயினும் தலைநகர் ஒரே நாளில் விழுந்தது. குவைத்தின் ஆட்சியாளரான எமிர் சவுதிக்குத் தப்பிச் சென்றதுதான் அந்நாட்டை மீட்க வழிசெய்தது.

ஆர்மேனியாவின் நிலை இன்னும் வேதனையானது. 30 லட்சம் மக்கள்கொண்ட அந்நாடு 2019இல் ரஷ்யாவிடமிருந்து நான்கு சுகோய்-30 விமானங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டு அண்டை நாடான அஸர்பைஜானோடு நகோர்னோ கராபாக் போர் வெடித்து 44 நாட்கள் நடந்தது. அந்த நான்கு விமானங்களும் போரில் பயன்படவில்லை. அவற்றுக்கான ஏவுகணைகள் வாங்கப்படவில்லை என்பதைப் பிரதமர் பஷின்யானே பின்னர் ஒப்புக்கொண்டார். மறுபுறம் அஸர்பைஜான், துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களையும் இஸ்ரேலின் ஹாரோப் ட்ரோன்களையும் கொண்டு ஆர்மேனியாவின் டாங்கிகளையும் பழைய வான் பாதுகாப்புச் சாதனங்களையும் ஒவ்வொன்றாக அழித்தது. அஸர்பைஜானும் பெரிய நாடு அல்ல. எண்ணெய் வருமானம் அதற்கு உதவியது என்றாலும், எந்தச் சண்டைக்கு எது வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்ததுதான் முக்கிய வேறுபாடு என்று நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் என் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். விமானத்தின் ஹைட்ராலிக் குழாய் இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் இருக்கும். சுண்டுவிரல் மோதிரம் அளவுக்கு இருக்கும் அந்த வளையம் ஒவ்வொன்றும் தனி உறையில் வரும். உறையின் மேல் அது எந்த ஆண்டின் எந்தக் காலாண்டில் தயாரானது என்று அச்சிட்டிருக்கும். கையிருப்பில் எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு தாண்டிவிட்டால், பார்க்கப் புதிதாக இருந்தாலும் அதைப் பொருத்தக் கூடாது. அவசரத்தில் விமானி வெளியேற உதவும் இருக்கையில் உள்ள வெடிமருந்துத் தோட்டாக்களுக்கும் இதே போன்ற ஆயுள் வரம்பு உண்டு. அது முடிந்துவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் விமானம் ஹேங்கரை விட்டு வெளியே வராது. மாற்றுத் தோட்டா வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றால், ஒரு நாட்டின் வான் பாதுகாப்பு, தபாலில் வரும் ஒரு சிறு பெட்டிக்காகக் காத்திருக்கும். பல நூறு கோடி மதிப்புள்ள எந்திரம் கைக்கடக்கமான ஒரு பொருளுக்காகத் தரையில் நிற்பதைப் பார்த்தவர்கள், போர் விமானம் வாங்கினோம் என்ற செய்தியை வேறு விதமாகத்தான் படிப்பார்கள்.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவரிடம் பேசிப் பாருங்கள். வண்டியின் விலையைவிட டீசல், பிட், கம்ப்ரசர் சர்வீஸ், ஆட்கூலி ஆகியவற்றின் கணக்கைத்தான் அவர் முதலில் சொல்வார். போர் விமானத்துக்கும் கணக்கு அதுதான். அதன் ஆயுள் முழுவதும் ஆகும் செலவில் வாங்கும் விலை சிறு பங்கே. எரிபொருள், உதிரி பாகம், ஓவர்ஹால், பயிற்சி, தளம் ஆகியவை சேர்ந்தால் விலையை எளிதில் தாண்டிவிடும். தென்னாப்பிரிக்கா 1999இல் செய்த ஆயுத ஒப்பந்தத்தின்படி 26 க்ரிபன் போர் விமானங்களைப் பெற்றது. பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் ஒதுக்க முடியாமல் 2021 இறுதியிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு அவை பறக்கவே இல்லை. தென்னாப்பிரிக்கா சிறிய நாடுகூட அல்ல. ஏன், சூலூரில் நம் தலைக்கு மேல் பறக்கும் தேஜஸ் விமானங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். உடற்பகுதியையும் மென்பொருளையும் நாமே உருவாக்கினோம், ஆனால் என்ஜின் அமெரிக்காவிலிருந்து வருகிறது. 2021இல் 99 என்ஜின்களுக்கு ஒப்பந்தம் செய்தும், முதல் என்ஜின் 2025 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. இந்தியாவுக்கே இந்த நிலை என்றால், பத்துப் பன்னிரண்டு விமானம் மட்டும் வாங்கும் நாட்டின் கோரிக்கை விற்பவரின் வரிசையில் எந்த இடத்தில் இருக்கும்?

ஆகவே ஒரு சிறிய நாடு எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், தாக்குதல் தொடங்கிய முதல் மணி நேரத்தில், வெளிநாட்டு நிபுணர் யாரும் பக்கத்தில் இல்லாமல், தன் ஆட்களே இயக்கி, தன் கிடங்கில் இருக்கும் குண்டையும் உதிரி பாகத்தையும் கொண்டு சுடக்கூடியதை வாங்கலாம் என்பேன். தோளில் வைத்துச் சுடும் விமான எதிர்ப்பு ஏவுகணை, டாங்கி எதிர்ப்பு ஏவுகணை, லாரியில் ஏற்றி இடம் மாற்றக்கூடிய கடலோர ஏவுகணை, கண்ணிவெடி, ட்ரோன், எதிரியின் ட்ரோனைக் கண்டுபிடிக்கும் ரேடார் ஆகியவை இந்த வகையில் வரும். உக்ரைன் சிறிய நாடல்ல. ஆனால் 2022இல் அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி கடற்படை இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில், உள்நாட்டிலேயே உருவாக்கிய நெப்டியூன் ஏவுகணையால் ரஷ்யாவின் கருங்கடல் படையின் தலைமைக் கப்பலான மாஸ்க்வாவை மூழ்கடித்தது. பிலிப்பைன்ஸும் சீனக் கப்பல்களோடு போட்டி போட்டுக் கப்பல் கட்டுவதற்குப் பதிலாக, 2022 ஜனவரியில் சுமார் 37.5 கோடி டாலருக்கு நம் பிரம்மோஸ் கடலோர ஏவுகணைகளை வாங்க ஒப்பந்தம் செய்தது.

சிங்கப்பூர் இதையெல்லாம் வரிசையாகச் செய்த நாடு. 1965இல் தனி நாடானது. தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக பிரிட்டன் 1968இல் அறிவித்தபோது அங்கே பெயருக்குத்தான் படை இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்ததோடு, துப்பாக்கித் தோட்டா செய்யும் ஆலையையும் சிங்கப்பூர் தொடங்கிவிட்டது. போர் விமானங்களின் எண்ணிக்கையெல்லாம் பிறகுதான் பெருகியது. பறக்க வானம் போதாததால், வங்காளத்தில் உள்ள நம் கலைக்குண்டா தளத்துக்கு வந்து பயிற்சி எடுக்கிறார்கள். நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ மூன்று விழுக்காட்டை நல்ல காலம் கெட்ட காலம் பார்க்காமல் செலவிட்டு வந்திருக்கிறார்கள். திடீரென்று ஒரு தேர்தலுக்கு முன் பெரிதாக வாங்கிவிட்டுப் பத்தாண்டு மறந்துவிடும் நாடுகளிடம் இல்லாத குணம் இது.

தீவு நாடுகளுக்குத் தேவை வேறு. செஷல்ஸில் ஈரோடு மாநகராட்சியில் இருப்பதைவிடக் குறைவான மக்களே வாழ்கிறார்கள், ஆனால் அந்நாட்டின் பொருளாதாரக் கடற்பரப்பு சுமார் 13 லட்சம் சதுர கிலோமீட்டர். அவர்களுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் கடற்கொள்ளை, திருட்டு மீன்பிடிப்பு, போதைப்பொருள் கடத்தல் ஆகியவைதான். கண்காணிப்பு விமானம், கடலோர ரேடார், ரோந்துக் கப்பல் இருந்தால் போதும். 2013இல் இந்தியா அளித்த டோர்னியர் விமானம் அந்தத் தேவைக்குத்தான். இருந்தாலும் அன்பளிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. மாலத்தீவுக்கு இந்தியா கொடுத்த இரண்டு ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியரையும் இயக்கியவர்கள் நம் படையினர். அங்கே ஆட்சி மாறியபின் அவர்கள் வெளியேற வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, 2024 மே மாதத்துக்குள் அவர்களுக்குப் பதிலாக இந்தியச் சிவில் பணியாளர்கள் அனுப்பப்பட்டார்கள். இன்னொரு நாட்டின் ஆள் இல்லாமல் பறக்காத விமானம், அரசியல் காற்று மாறும்போது என்ன ஆகும் என்பதை வாங்குகிற நாடும் கொடுக்கிற நாடும் யோசிக்க வேண்டும்.

இனி மாணவரின் உண்மையான கவலைக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பணம் இல்லாத நாடு ஆயுதம் வாங்கலாமா? தான்சானியா 2000களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பி.ஏ.இ. நிறுவனத்திடமிருந்து 2.8 கோடி பவுண்டுக்கு ராணுவ வசதிகள்கொண்ட ரேடார் ஒன்றை வாங்கியது. அந்நாட்டின் தேவைக்கு அது மிக அதிக விலை என்று உலக வங்கி சொன்னது. பிரிட்டிஷ் அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. பின்னர் விசாரணை வந்து, அந்நிறுவனம் ஏறத்தாழ 3 கோடி பவுண்டைத் தான்சானிய மக்களுக்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது. அந்தப் பணம் பாடப் புத்தகங்களாகவும் பள்ளி மேசைகளாகவும் மாறியது. முதலிலேயே அப்படிச் செலவாகியிருக்கலாம் என்ற ஆதங்கம் யாருக்கும் வரும். ஆயுத வணிகத்தில் ரகசியம் என்ற திரை எளிதாகக் கிடைப்பதால் தரகும் லஞ்சமும் அங்கே மற்ற துறைகளைவிட எளிதாக நுழைகின்றன. சுவிட்சர்லாந்து இதற்கு நேர்மாறு. 2014இல் க்ரிபன் விமானம் வாங்கும் திட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். 2020இல் 600 கோடி பிராங்க் வரை செலவிட 50.1 விழுக்காட்டினர் ஒப்புதல் தந்தார்கள். அப்படி வாங்கிய எஃப்-35 விமானத்துக்கும் விலை கூடும் என்று அமெரிக்கா பிறகு சொன்னபோது, அதை மறைக்க முடியாமல் அரசு மக்கள் முன் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆயுதம் யாரை நோக்கித் திரும்புகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய நாடுகளில் 2020க்கும் 2023க்கும் இடையே ராணுவமே ஆட்சியைப் பிடித்தது. இலங்கையைப் பற்றித் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே வாங்கிய தளவாடங்கள் பெரும்பாலும் நாட்டு எல்லைக்குள்ளேயே, சொந்தக் குடிமக்கள் வாழ்ந்த ஊர்கள்மீது பயன்பட்டன. 2009இல் போர் முடிந்த பிறகும் படையின் அளவு பெரிதாகக் குறையவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என்று அறிவித்த பிறகுதான், தரைப்படையை 2024க்குள் 1,35,000 ஆகவும் 2030க்குள் 1,00,000 ஆகவும் குறைப்போம் என்று 2023 ஜனவரியில் அந்த அரசு சொன்னது. அண்டை நாட்டோடு பிணக்கு இல்லாத, சொந்த மக்களோடு மட்டும் பிணக்கு இருக்கிற ஓர் அரசுக்கு நவீனத் தளவாடம் எதுவுமே தேவையில்லை. அதற்குத் தேவைப்படுவது அரசியல் தீர்வு. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

பயிற்சிக்கு ஆகும் செலவை மட்டும் எந்தச் சிறிய நாடும் குறைக்கக் கூடாது என்பேன். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் கல்லூரி இருக்கிறது. நட்பு நாடுகளின் அதிகாரிகளும் அங்கே ஒவ்வொரு ஆண்டும் வந்து படிக்கிறார்கள். பிரம்மோஸ் வாங்கிய பிலிப்பைன்ஸ், ஏவுகணை வந்து சேர்வதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2023 தொடக்கத்தில், தன் கடற்படைத் தரைப்பிரிவு வீரர்களை இந்தியாவுக்கு அனுப்பிப் பயிற்சி பெறவைத்தது. அந்த வரிசைதான் சரியானது.

மாணவரின் சித்தப்பாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஏற்றுமதியாகும் தளவாடத்துக்கான பாகம் என்று தெரிந்தால், முதல் ஆர்டரை முடித்துக் கொடுத்தவுடன் பாகத்தைப் பிடித்துக்கொள்ளச் செய்த ஃபிக்ஸ்சரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், ட்ராயிங், மூலப்பொருள் சோதனைச் சான்று, அளவுப் பதிவு ஆகியவற்றோடு சேர்த்துப் பத்திரப்படுத்தட்டும். பதினைந்து ஆண்டு கழித்து அதே பாகம் பத்தே பத்து எண்ணிக்கையில் கேட்டு வரும்போது கடைந்து தர முடியும் என்பதையும், அதற்கு என்ன விலை ஆகும் என்பதையும் இப்போதே கொட்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடலாம்.